உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்கடியில் உணவு சமைக்கும் 'கல்' செடி

லித்தாப்ஸ் செடியின் உடம்பு பெரும்பாலும் மண்ணுக்குள்தான். ஆனாலும் அதற்கு வெளிச்சம் போய்ச் சேருகிறது! இலையின் தட்டையான உச்சி ஜன்னல் கண்ணாடி போன்றது; அதன் வழியே இறங்கும் ஒளி, உள்ளே புதைந்திருக்கும் பச்சையத்தைத் தொடுகிறது.

• தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் சரளை நிலங்களில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். 1811-இல் இயற்கை ஆய்வாளர் வில்லியம் பர்செல் விநோதமான கல் என்று எண்ணித்தான் இதைக் கையில் எடுத்தார்.

• இரு இலைகளுக்கு இடையிலான நடுப்பிளவில் புது இலை ஜோடி வரும்போது, பழைய ஜோடி தன் நீரையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுச் சருகாகும். அது நோயல்ல. பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும், நீங்கள் இதை வளர்த்தால், அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் பழைய இலைகள் வற்றாமல் நின்று புதியவற்றை நெருக்கும், செடி அழுகவும் கூடும்.

• பூவும் அதே பிளவிலிருந்துதான்: பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளை.