தடயவியல் படிப்பு: நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு பாதை



கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய தலைமுறை நம்முடையது. ஒருவருடைய ரேகை இன்னொருவருக்கு இருக்காது என்பதால்தான் அந்த மை அடையாளத்துக்கு மதிப்பு. ரேகை, இரத்தம், முடி, நஞ்சு, கையெழுத்து போன்றவற்றை விஞ்ஞான முறையில் சோதித்து, நீதிமன்றத்துக்கு உண்மையை எடுத்துச் சொல்லும் துறையே தடயவியல்.

"கள்ளனைப் பிடிக்கிற படிப்புதானே?" என்று கேட்பீங்க. குற்றமற்றவரைக் காப்பாற்றுகிற படிப்பும் இதுதான். இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொலை செய்யப்பட்டார்கள். இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக 17 வயது இளைஞன் ஒருவன் ஒப்புக்கொண்டான். பேராசிரியர் அலெக் ஜெப்ரிஸ் மரபணுவைச் சோதித்து, அவன் குற்றவாளி அல்ல என்று காட்டினார். உண்மையான கொலைகாரன் 1988இல் தண்டனை பெற்றான். வாய் ஒப்புக்கொண்டதை விஞ்ஞானம் மறுத்தது. ஒரு நிரபராதி தப்பினான்.

கல்லூரியில் என்ன சொல்லித் தருவார்கள்?

அடிப்படை இரசாயனமும் உயிரியலும்தான். அதோடு, தடயத்தைக் கெடுக்காமல் எடுப்பது, பொதி செய்து முத்திரையிடுவது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைப்பது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் யார் பேருக்கு எத்தனை கிலோ என்று உடனே எழுதாவிட்டால் கணக்கு குழம்பிவிடும் இல்லையா? தடயமும் அப்படித்தான். பதிவு தவறினால் நீதிமன்றத்தில் அதன் மதிப்புக் குறையும்.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார்?

1. சட்ட வைத்திய அதிகாரி. இதற்கு முதலில் வைத்தியப் பட்டம் வேண்டும்.
2. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தில் நஞ்சு, போதைப்பொருள், போலிக் கையெழுத்து போன்றவற்றைச் சோதிப்பவர்கள். இவர்கள் இரசாயனம் முதலிய விஞ்ஞானப் பாடங்களில் பட்டம் பெற்றவர்கள்.
3. பொலிஸ் திணைக்களத்தின் கைரேகைப் பிரிவினர்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

இந்தப் பாதை சாதாரண தரத்திலேயே தொடங்குகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் இல்லை. கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் சித்தியடைந்த பிள்ளையை, பள்ளிக்கூடம் தூரம் என்பதற்காக வேறு பிரிவில் சேர்த்துவிட்டால் இந்தக் கதவு அத்தோடு மூடிக்கொள்ளும். டவுன் பாடசாலையிலோ விடுதியிலோ இடம் கிடைக்குமா என்று அதிபரிடம் இப்போதே கேளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. மாவட்ட அடிப்படையிலும் அனுமதி உண்டு.

இன்னொன்று. 'தடயவியல்' என்று பெயர் போட்டுச் சில மாதப் பாடநெறிக்குப் பெருந்தொகை கேட்கிறவர்களும் இருக்கலாம். நகையை அடகு வைக்குமுன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று விசாரியுங்கள்.

கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ரேகையையே வாசித்து நீதி சொல்லும் நாள் வரட்டும்!