மண்ணீரல் வீக்கமா? கோஷே நோயையும் நினையுங்கள்

கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளி, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும் குழந்தைக்குப் பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மலேரியா இல்லை, ரத்தப் புற்றுநோயும் இல்லை என்றான பிறகும் மண்ணீரல் வீங்கியே இருந்தால், கோஷே நோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

எதனால் வருகிறது?

பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே 1882-ல் இந்நோயை விவரித்தபோது, மண்ணீரலில் வந்த புற்று என்றே நினைத்தார். உண்மையில் இது என்சைம் குறைபாடு. பழைய ரத்த அணுக்கள் அழியும்போது மிஞ்சும் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்க வேண்டிய குளுக்கோசெரிப்ரோசிடேஸ் சரியாக வேலை செய்யாததால், அந்தக் கொழுப்பு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையில் தேங்குகிறது. ரத்தசோகை, தட்டணுக் குறைவு, எலும்பு வலி எல்லாம் அதன் விளைவே. சிலருக்கு மூளையும் பாதிக்கப்படும். சாப்பிடும் நெய்க்கும் எண்ணெய்க்கும் இதில் பங்கில்லை. பத்தியம் இருந்தும் பயனில்லை.

பழுதான மரபணுவைத் தாய், தந்தை இருவருமே சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 25 சதவீத வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிப்பது, இருவருமே அதைச் சுமக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மருமகளை மட்டும் குறை சொல்லும் வீடுகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டறிய ரத்தம் போதும்

வெள்ளையணுக்களில் இந்த என்சைம் எவ்வளவு செயல்படுகிறது என்று பார்த்து, மரபணுப் பரிசோதனையால் உறுதி செய்வார்கள். மஜ்ஜையில் தெரியும் கொழுப்பு தேங்கிய அணுக்களை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. வேறு சில நோய்களிலும் அதே சாயல் அணுக்கள் தென்படும்.

சிகிச்சை

குறையும் என்சைமை ஊசிவழி செலுத்தும் மருந்துக்கு அமெரிக்கா 1991-ல் அனுமதி தந்தது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும் ஏற்ற வேண்டும். மண்ணீரல் சுருங்கும், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறும். மூளைப் பாதிப்பை மட்டும் அது தொடாது. பெரியவர்கள் சிலருக்கு மாத்திரையும் உண்டு.

மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளரச் செலவும் ஏறும். தேசிய அரிய நோய்கள் கொள்கையின் கீழ் மத்திய அரசு 50 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆயுள் முழுதும் தேவைப்படும் மருந்துக்கு உச்சவரம்பு வைப்பது நியாயமே இல்லை.

மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், என்சைம் பரிசோதனை செய்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். எடுத்தபின் எலும்புப் பாதிப்பு கூடலாம்.