கம்ப்யூட்டர் போடாத மார்க்கும், பழவேற்காட்டுக்கு வரும் நோட்டீஸும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ கிராமங்களுக்கு வரும் அரசு, கம்பெனிக் காகிதங்களில் சில ஆங்கிலத்தில் இருக்கும். வேறு சில, அதற்கு ஆங்கிலமே தேவலை என்று நினைக்க வைக்கும் தமிழில் இருக்கும்!

காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22, 2023 செப்டம்பர் 5 என இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் தள்ளிப்போனது. இப்படி ஒரு கூட்டம் என்றால், சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும், குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு அறிவிக்கை. சரி, அந்தத் தமிழ் புரிகிறதா என்று எப்படி அளப்பது?

ஆங்கிலத்துக்கு அளவுகோல் உண்டு. ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் 1948-ல் வெளியிட்ட சூத்திரம், நம் எம்.எஸ். வேர்டுக்குள்ளேயே இருக்கிறது. 60-க்கு மேல் வந்தால் எளிய நடை. ஆங்கிலத்தில் மனு எழுதும் பிள்ளைகள் பலர், ‘அந்த மார்க் எனக்கு வரவே இல்லையே’ என்று தேடுவார்கள். கம்ப்யூட்டரில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் போய், ‘ஷோ ரீடபிலிட்டி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கட்டத்தில் டிக் அடியுங்கள். பிறகு எழுத்துப்பிழைச் சோதனையைக் கடைசி வரை முடிக்க வேண்டும். பாதியில் மூடினால் மார்க் வராது. புதிய வேர்டில் ‘எடிட்டர்’ பகுதியின் கீழே ‘டாக்குமென்ட் ஸ்டாட்ஸ்’ என்பதைத் தட்ட வேண்டும். அப்படியும் வரவில்லையா? வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டிய பகுதிக்கு ‘பிழை பார்க்க வேண்டாம்’ என்ற அமைப்பு இருக்கலாம். ‘ரிவ்யூ’வில் மொழி அமைப்புக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதினால் இதெல்லாம் செய்தும் பயனில்லை. அந்தச் சூத்திரம் ஆங்கிலத்துக்கென்று செய்தது. ஒரு சொல்லில் எத்தனை அசை என்று எண்ணி, அதை 84.6-ஆல் பெருக்கிக் கழிக்கும். சராசரியாக மூன்று அசை வந்தாலே 206.8-ல் 253.8 போய்விடும். விடை மைனஸ் 47-க்கும் கீழே! நம் மொழியிலோ ‘பழவேற்காட்டுக்காரர்களுக்கு’ என்பது ஒரே சொல். ஒன்றாம் வகுப்புப் பாடம்கூட இந்தக் கணக்கில் ஃபெயில்தான். ஆகவே வேர்டு மார்க் போடாமல் இருப்பதே நல்லது. தப்பான மார்க்கைவிட அது மேல்.

தமிழுக்கு நான் நம்புவது காதைத்தான். உதாரணத்துக்கு நானே எழுதிய ஒரு வாக்கியம்: ‘முகத்துவாரப் பகுதியில் மேற்கொள்ளப்படவுள்ள அகழ்வுப் பணிகளின் காரணமாக மீன்பிடி நடவடிக்கைகளில் தற்காலிக இடையூறு ஏற்பட வாய்ப்புள்ளது.’ இதை வலை பின்னும் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தலையாட்டுவார். ஆனால் எதுவும் கேட்க மாட்டார்.

இப்போது மாற்றி வாசியுங்கள்: ‘முகத்துவாரத்தில் மண் தோண்டும்போது சில நாள் வலை போட முடியாமல் போகலாம்.’

உடனே கேள்வி வரும். “சில நாள்னா எத்தன நாள்?” ஏரியில் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து மீன் பிடிக்கும் ‘பாடு’ வழக்கம் அங்கே உண்டு. அதனால் அடுத்த கேள்வி, “யார் பாடு வர்ற அன்னிக்கு?”

முதல் வாக்கியத்திலும் இதற்குப் பதில் இல்லை. அது இல்லை என்பதே அங்கே தெரியவில்லை. நோட்டீஸ் எழுதுபவர் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை எழுதிச் சேர்த்துவிடலாம்.