கோட்டையும் உலாவியும்

சென்ற ஆண்டு ஓர் அமாவாசை இரவு, அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைக் காண மேல்மலையனூருக்குப் போயிருந்தேன். நள்ளிரவில் அம்மன் ஊஞ்சலில் எழுந்தருளியதும் கூட்டத்தில் எண்ணற்ற கைகள் உயர்ந்தன. கும்பிட்ட கைகள் பாதி. கைப்பேசி பிடித்த கைகள் பாதி. அந்தக் காட்சி சில நொடிகளில் முகநூலில் ஏறி, கடல் கடந்து வாழும் உறவினர்களின் கண்ணுக்கும் எட்டியிருக்கும். நல்ல காரியந்தான்.

அன்று நான் தங்கியது, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் வீட்டில். ஆண்டுதோறும் உற்சவத்துக்கு முன்னால் நிற்கும் அவர் அன்று வீட்டை விட்டு வரவில்லை. காரணம் கேட்டேன். "என் பெயரால் ஒருவன் என் மாணவர்களிடம் கை நீட்டிவிட்டான். எந்த முகத்தோடு அவர்கள் எதிரே போய் நிற்பேன்?" என்றார்.

நடந்தது இதுதான். ஒரு மாலை அவர் மடிக்கணினியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்க்க முயன்றபோது, "உங்கள் உலாவி பழையதாகிவிட்டது; இங்கே அழுத்திப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பக்கத்திலேயே ஓர் அறிவிப்புத் தோன்றியது. அழுத்தினார். மறுநாட்காலை அவருடைய முகநூற் கணக்கிலிருந்து பழைய மாணவர்கள் பலருக்குச் செய்தி போயிருந்தது: "மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்புக." வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் எண்ணாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். நண்பர் தம் ஓய்வூதியத்திலிருந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். பணம் திரும்பியது, மனம் ஆறவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. அவருடைய உலாவி உண்மையிலேயே பழையதுதான். பல மாதங்களாக அதன் மூலையில் புதுப்பிக்கச் சொல்லும் குறி தெரிந்துகொண்டே இருந்தது. திறந்து வைத்த பக்கங்கள் போய்விடுமோ என்று அஞ்சி, நாளை பார்க்கலாம் என்று தள்ளிவந்தார். கணினியை அணைக்காமல் மூடி மட்டும் வைத்தார். மெய்யான அழைப்பைத் தள்ளிப் போட்டவர், பொய்யான அழைப்புக்கு ஓடோடிச் சென்றார். மெய்யானதன் முகம் அவருக்குப் பழக்கமில்லாமற் போனதே அதற்குக் காரணம்.

உலாவி என்பது என்ன? குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி முதலிய பெயர்களால் வழங்கும் அந்த மென்பொருளே இணையத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவே நிற்கும் வாயில். முன்பின் அறியாதார் எழுதியனுப்பும் எழுத்தையும் படத்தையும் அதுதான் வாங்கி, பிரித்து, நமக்குக் காட்டுகிறது. பல இலட்சம் வரிகளில் எழுதப்பட்ட ஒன்றில் பிழையே இராது என்று எவரும் சொல்ல இயலாது. அந்தப் பிழைகளே கள்வர் நுழையும் வழிகள்.

2023 செப்டம்பரில் நேர்ந்ததைப் பாருங்கள். வெப்பி என்னும் படவகையைப் பிரித்துக் காட்டும் நிரற்பகுதியில் ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. அதே பகுதியைப் பல உலாவிகளும் கையாண்டன. வஞ்சகமாக அமைத்த ஒரு படத்தை உலாவி விரித்துக் காட்ட முற்பட்டாலே, அயலான் தன் கட்டளையை அங்கே ஓடச் செய்ய வழி ஏற்படக்கூடும். அதைச் சிலர் ஏற்கெனவே பயன்படுத்தியும் வந்தனர். செப்டம்பர் 11-ஆம் நாள் குரோமுக்கும் மறுநாள் பயர்பாக்ஸுக்கும் திருத்தம் வந்தது. நாள்தோறும் பிறர் அனுப்பும் படங்களையே பார்த்துப் பொழுது போக்கும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

இங்கே பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. திருத்தம் வெளிவந்த அன்றே பழைய உலாவிக்கு அபாயம் மிகுகிறது. எப்படி என்கிறீர்களா? பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது கைதேர்ந்த கள்வனுக்கு விளங்கிவிடும். நேற்று வரை சிலரே அறிந்த வழி இன்று பலருக்கும் தெரிந்த வழியாகிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே குரோம் உலாவிக்கு 2023 ஆகஸ்டு முதல் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லையே, கணக்கு எப்படிப் பறிபோயிற்று என்று நண்பர் கேட்டார். கோயில் வாசலில் காலணிகளை ஒப்படைத்தால் ஒரு வில்லை தருகிறார்கள். திரும்பி வரும்போது பெயரும் ஊரும் கேட்பதில்லை. வில்லையைக் காட்டினால் போதும். முகநூல் போன்ற தளங்களும், நாம் ஒருமுறை உள்ளே சென்றதும் குக்கி என்னும் ஒரு வில்லையை உலாவியிடம் கொடுத்து வைக்கின்றன. நண்பர் தாமே இறக்கிய பொய் மென்பொருள் அந்த வில்லையை எடுத்துச் சென்றுவிட்டது. ஆகவே, கணக்குப் பறிபோனால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நில்லாமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்த வேண்டும். பழைய வில்லைகள் அப்போதுதான் செல்லாதவையாகும். பணம் போயிருந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தப் பொய்வேடம் புதியதன்று. 2008-இல் கூப்பேஸ் என்ற தீநிரல் முகநூலில் பரவியது இப்படித்தான். நண்பர் பெயரால் ஒரு காணொளிச் செய்தி வரும். தொட்டால், "உங்கள் பிளாஷ் பிளேயர் பழையது, புதுப்பியுங்கள்" என்று ஒரு பக்கம் சொல்லும். புதுப்பித்தவருடைய கணக்கிலிருந்து அதே செய்தி அவர் நண்பர்களுக்குப் போகும். பிளாஷ் பிளேயரே 2020-ஆம் ஆண்டு முடிவோடு கைவிடப்பட்டது. இன்று அதைப் புதுப்பிக்கச் சொல்லும் பக்கம் எதுவாயினும் பொய்யே.

ஆகவே விதி எளியது. புதுப்பிப்பை உலாவியிடமே கேளுங்கள். நீங்கள் பார்க்கும் பக்கம் சொன்னால் கேளாதீர்கள். கணினியில் குரோம் உலாவியின் மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, உதவிப் பகுதியில் குரோம் பற்றிய பக்கத்தைத் திறந்தால் போதும். அதுவே புதியது உண்டா என்று பார்த்து இறக்கிக்கொள்ளும். பிறகு உலாவியை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அதுவரை பழையதே ஓடிக்கொண்டிருக்கும். திறந்திருந்த பக்கங்கள் பெரும்பாலும் தாமே திரும்பி வரும். கைப்பேசியில் பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கலாம். விண்டோஸ் 7 உள்ள கணினிக்கோ குரோமின் 109-ஆம் பதிப்பே கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பு அதில் ஏறாது. அத்தகைய கணினியில் முகநூலைத் திறவாதிருப்பதே நலம்.

மறுநாட்காலை என்னை வழியனுப்ப நண்பர் செஞ்சி வரை வந்தார். பேருந்துக்குக் காத்திருந்தபோது எதிரே இராஜகிரி நின்றது. மராட்டிய மன்னர் இராஜாராம் தங்கியிருந்த அந்தக் கோட்டையை மொகலாயப் படை 1690-இல் வளைத்தது, பிடித்தது 1698-இல். அதே கோட்டையை 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவிற் பிடித்தது.

"மலை அதே மலைதானே?" என்றார் நண்பர்.

"மலை அதேதான், ஆனால் 1690-இல் தாங்கியது 1750-க்குப் போதவில்லை" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த அமாவாசைக்கு உற்சவத்துக்குப் போவதாகவும், அங்கே வரும் பழைய மாணவர்களிடம் நடந்ததைத் தாமே எடுத்துச் சொல்லப் போவதாகவும் கூறினார். உலாவியின் அந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது என்று இன்னொரு முறை கேட்டு, பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.