இரண்டாவது குப்பைக்கூடை

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் ஏறத்தாழப் பாதி காய்கறித் தோல், மீந்த சோறு, வடிகட்டிய டீத்தூள், வாடிய பூ என மக்கக்கூடியவை. பல ஆண்டுகளாக இவை பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் போய்க் குவிந்தன. பெருங்குடிக் கிடங்கு அமைந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அதே சதுப்பு நிலம்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் கிடங்கில் தீப்பிடித்து, சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது.

குப்பை மேட்டுக்கு அடியில் காற்றுப் புகாமல் அழுகும் சோறும் காயும் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு இது. எளிதில் பற்றிக்கொள்ளவும் கூடியது.

காய்ந்த குப்பையின் கதை வேறு. அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாவற்றுக்கும் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு. அதே அட்டையில் பழைய சாம்பார் கொட்டிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள். ஈரம் கலந்த நொடியில் காசு குப்பையாகிவிடுகிறது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று பிரித்துத் தர வேண்டும் என 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. ஆனாலும் பல வீடுகளில் இன்னும் ஒரே கூடைதான்.

இடம் இருப்பவர்கள் மக்கும் குப்பையை வாசலைத் தாண்டவிடத் தேவையே இல்லை. பக்கங்களில் துளையிட்ட ஒரு மண்தொட்டி போதும். அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி, அன்றன்றைய தோல்களைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி சருகோ தென்னை நார்த்தூளோ தூவி மூட வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் வேலையைத் தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். அப்போது உள்ளிருந்து வெதுவெதுப்பு எழுந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் அடங்கிவிடும். புழு நெளிவதைக் கண்டு பயந்து பாதியில் கைவிடுபவர்கள் பலர். அவை கேடு செய்பவை அல்ல, மக்கவைக்க உதவுபவை. இரண்டு மாதம் போனால் கறுத்து உதிரியாக, மழை மண் வாசனையுடன் உரம் தயார். மீன் முள்ளையும் எண்ணெய்ப் பண்டங்களையும் மட்டும் இதில் போடாமல் இருப்பது நல்லது.

குப்பையில் காசு வீணாவதுபோல, வீட்டு மின்சாரத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் வீணாவதுதான் அதிகம். விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வீட்டில், பழைய மின்விசிறி இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்றைய எல்.இ.டி. பல்பு 9 வாட். பழைய மின்விசிறியோ சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இது சின்ன விஷயமில்லை. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடுகிறது. எல்லா விசிறிகளையும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் படுக்கையறை விசிறியில் தொடங்கலாம்.

ஏ.சி. உள்ள வீடுகளில் 24 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியையும் மெதுவாக ஓட விடுவது நல்லது. ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

விசிறி வாங்கப் பணம் வேண்டும். குப்பையைப் பிரிக்க அது தேவையில்லை. காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்கள், நாம் கலந்து போட்ட ஊசிய சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் கையால்தான் பிரிக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இன்று மாலையே அடுப்படியில் இரண்டாவது கூடையை வையுங்கள்.