கார் ஏ.ஸி. குளிரவில்லையா? கம்ப்ரஸரை மாற்றுமுன் பாருங்கள்

மே மாதம் வந்தால் டில்லி வெயில் 45 டிகிரியைத் தொட்டுவிடும். பள்ளி விடுமுறை என்று ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருப்பார்கள். அவர்களை ஹரித்வார், ஆக்ரா என்று அழைத்துப் போகக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் கார் ஏ.ஸி. மக்கர் செய்யும். மெக்கானிக்கிடம் காட்டினால், பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் பைட் கயா, சாப்" என்பார். உட்கார்ந்துவிட்டது, அதாவது போய்விட்டது என்று பொருள். புதிய கம்ப்ரஸர் என்றால் பல ஆயிரம் ரூபாய். நமக்கோ ஹிந்தி அரைகுறை, அவசரமோ அதிகம். தலையாட்டிவிடுகிறோம்.

ஆனால் ஏ.ஸி. குளிராமல் போவதற்குக் கம்ப்ரஸர் பல காரணங்களில் ஒன்றுதான். சில நூறு ரூபாயில் முடிகிற கோளாறுகளும் அதே அறிகுறியைக் காட்டும். ரயில்வே பணிமனையில் ஒரு பாகத்தைக் 'கண்டெம்' செய்யுமுன், அதைச் சுற்றியுள்ளவை சரியாக இருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்ப்பது வழக்கம். காருக்கும் அதே முறைதான்.

குளிர்ச்சி எப்படி வருகிறது?

எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர், குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. அந்த வாயு ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்ஸரில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பாயும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் திரவம் கொதித்து மீண்டும் வாயுவாகிறது. மண்பானை நீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறதல்லவா? அதுபோல இங்கே காருக்குள் உள்ள காற்று வெப்பத்தை இழந்து குளிர்கிறது. வாயு திரும்பக் கம்ப்ரஸருக்கு வருகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, வாயு பெட்ரோல் போலச் செலவாவதில்லை. சில வருடங்களில் மிகச் சிறிதளவு கசியலாம். ஒரே கோடையில் தீர்ந்துவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இரண்டு, கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் அந்த வாயுவோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

காரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓட விடுங்கள். ஏ.ஸி.யை முழுக் குளிரில் வையுங்கள். பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரின் முன்பக்கத்தைத் தள்ளி நின்று பாருங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு, வேட்டி எதுவும் பெல்ட் அருகே போகக்கூடாது. வெளியே உள்ள புல்லி எப்போதும் சுழலும். நடுவில் உள்ள தட்டு, மின்காந்தக் கிளட்ச் பிடித்தால் மட்டுமே 'டக்' என்ற ஓசையுடன் சுழலும்.

தட்டு சுழலவே இல்லை என்றால் உடனே கம்ப்ரஸரைக் குறை சொல்ல வேண்டாம். ஃப்யூஸ், ரிலே, வயர், கிளட்ச் காயில், இவற்றில் ஏதாவது ஒன்று போயிருக்கலாம். வாயு குறைந்திருந்தாலும், கம்ப்ரஸரைக் காப்பாற்றுவதற்காகவே பிரஷர் ஸ்விட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும். கிளட்ச் வயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில். வந்தும் பிடிக்கவில்லை என்றால் காயில் அல்லது கிளட்ச் இடைவெளியைப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் கிளட்சைத் தனியே மாற்றலாம்.

தட்டு சில நொடிக்கொரு முறை பிடித்து விட்டால், பெரும்பாலும் வாயு குறைவு. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெந்நீர்க் காற்றாக வந்தால், கண்டென்ஸர் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். இடுக்குகளில் டில்லித் தூசி அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே போதும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காருக்கடியில் சுத்தமான தண்ணீர் சொட்டுவது கோளாறே அல்ல.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏ.ஸி.யை நிறுத்திய பிறகும் உறுமல் இருந்தால் புல்லியின் பேரிங் அல்லது பெல்ட் பக்கத்துக் கோளாறாக இருக்கலாம். ஏ.ஸி. போட்டால் மட்டும் உலோகம் உரசும் ஓசை வந்தால், கம்ப்ரஸரின் உட்பகுதியைச் சந்தேகிக்கலாம். பெல்ட் வீறிட்டு ரப்பர் கருகும் வாசனையும் வந்தால் கம்ப்ரஸர் இறுகியிருக்கக்கூடும், ஏ.ஸி.யை உடனே நிறுத்துங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் ஓட்டுகிறது. அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உண்டு; அங்கே 'டக்' ஓசையை எதிர்பார்க்க வேண்டாம். மின்சார, ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம் கொண்டது. அதன் அருகில் கையே போகக்கூடாது.

கேஜ் சொல்லும் தீர்ப்பு

மெக்கானிக்கிடம் நீலம், சிவப்பு என்று இரண்டு கேஜ் உண்டு. நீலம் தாழ்வழுத்தப் பக்கம், சிவப்பு உயரழுத்தப் பக்கம். இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ள வாயு ஆர்-134ஏ. ஏ.ஸி. நல்ல நிலையில் ஓடும்போது நீலம் ஏறக்குறைய 30 முதல் 45 பி.எஸ்.ஐ. காட்டும். சிவப்பு, கோடையில் 200க்கு மேல் காட்டும்.

இரண்டும் குறைவு என்றால் வாயு கசிந்திருக்கிறது. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்ஸரில் வெப்பம் வெளியேறவில்லை, அல்லது வாயுவை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். நீலம் பூஜ்யத்துக்கு அருகே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு இருக்கலாம். கம்ப்ரஸர் சுழன்றும் நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் இருந்து, இரண்டும் நெருங்கி நின்றால்தான் அது வாயுவை அழுத்தவில்லை என்று சொல்ல இடமுண்டு. ஏ.ஸி. ஓடாதபோது இரண்டும் சமமாகத்தான் இருக்கும். 40 டிகிரி வெயிலில் சுமார் 130 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே பாதி வாயு இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் காட்டும். ஆகவே, "பிரஷர் டீக் ஹை" என்று நிறுத்திய காரில் சொல்வதை நம்ப வேண்டாம்.

கம்ப்ரஸரைக் கொல்வது எது?

வருடந்தோறும் ஓட்டையைத் தேடாமல் 'டாப்-அப்' செய்வதுதான். வாயு குறைந்தால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. உள்ளே குளிர்ச்சியும் கிடைக்காது. உலர்ந்து ஓடி ஓடித் தேய்ந்து, கடைசியில் கம்ப்ரஸர் உண்மையிலேயே உட்கார்ந்துவிடும். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். சோப்பு நுரையிலோ, நைட்ரஜன் ஏற்றியோ, ஒளிரும் சாயம் விட்டோ கசிவைக் கண்டுபிடிக்கலாம்.

கம்ப்ரஸரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அரைகுறையாக விடாதீர்கள். பழையது உடைந்து உலோகத் தூள் குழாய்களில் பரவியிருந்தால் அவற்றைக் கழுவ வேண்டும். கண்டென்ஸரையே மாற்றவும் நேரலாம். டிரையரைப் புதிதாகப் போட வேண்டும். கம்பெனி சொன்ன வகை எண்ணெயை அளந்து விட வேண்டும். அரை மணி நேரமாவது வாக்குவம் செய்து ஈரத்தை நீக்கிய பிறகு, பானெட்டில் ஒட்டியுள்ள லேபிளின்படி வாயுவை எடைபோட்டு ஏற்ற வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால் புதிய கம்ப்ரஸரும் அதே வழியில் போகும். மலிவு என்று எரியக்கூடிய வேறு வாயுவை ஏற்ற அனுமதிக்காதீர்கள். வாயுக் குழாயை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். பீறிடும் திரவம் கண்ணையும் தோலையும் உறையவைத்துப் புண்ணாக்கும்.

குளிர்காலத்தில் டில்லியில் நான்கு மாதம் ஏ.ஸி.யைத் தொடவே மாட்டோம். அப்போது கம்ப்ரஸரின் சீல் உலர்ந்து கசியத் தொடங்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் எண்ணெய் சுற்றிவந்து சீல் பதமாக இருக்கும். பனிமூட்டக் காலையில் கண்ணாடியின் உட்புற ஈரமும் போகும்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். "பஹலே கேஜ் லகாயியே": முதலில் கேஜ் போடுங்கள். "லீக் கஹாம் ஹை, திகாயியே": கசிவு எங்கே, காட்டுங்கள். "புரானா கம்ப்ரஸர் வாபஸ் தீஜியே": பழைய கம்ப்ரஸரைத் திருப்பித் தாருங்கள். இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற மெக்கானிக்கிடம் காரைத் தைரியமாக விடலாம்.