ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோல்: எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

குடலிலோ சிறுநீர்ப்பாதையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வயிற்றில் பையுடன் வீடு திரும்பியவர்களுள் பலர் சில வாரங்களிலேயே தாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: பை இருந்தால் எரிச்சலும் இருக்கும், பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இது உண்மையன்று. பை இல்லாத பக்கத்துத் தோல் எவ்வாறு இருக்கிறதோ, பையின் அடியிலுள்ள தோலும் அவ்வாறே இருக்க வேண்டும். சிவப்பு, அரிப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் அது வீட்டிலேயே கண்டறிந்து நீக்கக்கூடிய காரணம். பொறுத்துக்கொண்டே இருப்பவர்கள் முதலில் வெளியே செல்வதைக் குறைக்கின்றனர். பின்னர், பை நிரம்பக் கூடாதென்று உண்பதையும் குடிப்பதையும் குறைக்கின்றனர். சிறுகுடலில் ஸ்டோமா உள்ளவர்களுக்கு இது ஆபத்தானது. குளிர் மிகுந்த நம் மலைப்பகுதியில் தாகம் குறைவாகவே தோன்றும். உடலில் நீர் வற்றுவது தெரியாமலே சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

வயிற்றில் சிவந்து ஈரமாகத் தெரியும் பகுதியே ஸ்டோமா. அது குடலின் உட்பரப்பு. உட்கன்னத்தைப் போன்ற நிறமும் ஈரமும் கொண்டது. அதில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. துடைக்கும்போது ஒரு துளி இரத்தம் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எரிச்சலை உணர்வது சுற்றியுள்ள தோல்தான். சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள் உள்ளன. இறைச்சியையும் பருப்பையும் கரைக்கும் அந்நொதிகள் தோலையும் விட்டுவைப்பதில்லை. சில மணி நேரம் பட்டாலே போதும். பெருங்குடலின் கடைப்பகுதியில் அமைந்த ஸ்டோமாவில் கழிவு கெட்டியாக வருவதால் இத்தொல்லை குறைவு. சிறுநீர் வெளியேறும் ஸ்டோமாவில் ஓயாத ஈரத்தால் தோல் வெளுத்து ஊறிப்போகும்.

பையின் தோலில் ஒட்டும் பகுதியை இங்கே ஒட்டுத்தட்டு என்று குறிப்பிடுகிறோம். கழிவு தோலில் படாமல் காப்பதே அதன் வேலை. இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், ஸ்டோமாவைச் சுற்றிப் புண்பட்ட தோலைக் காக்கக் கராயா என்னும் பிசினைப் பயன்படுத்தினார். இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்திலிருந்து எடுக்கப்படும் பிசின் அது. அவரிடம் சிகிச்சை பெற்று ஸ்டோமாவுடன் வாழ்ந்த நார்மா கில் என்னும் பெண்மணி 1958இல் அதே மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்கு வழிகாட்டத் தொடங்கினார். ஸ்டோமாப் பராமரிப்பு தனித்துறையாக வளர்ந்தது அவ்வாறுதான்.

எரிச்சலுக்கு முதன்மையான காரணம், ஒட்டுத்தட்டில் வெட்டப்படும் துளையின் அளவு. அறுவை முடிந்தவுடன் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாகச் சுருங்கும். மருத்துவமனையில் முதல் நாள் வரைந்து கொடுத்த அளவையே மூன்று மாதம் கழித்தும் வைத்து வெட்டினால், ஸ்டோமாவுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு வளையம் அளவுக்குத் தோல் திறந்து கிடக்கும். கழிவு முழுவதும் அங்கேதான் தேங்கும். முதல் இரண்டு மாதங்களில் வாரம் ஒரு முறை அளவெடுங்கள். துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கலாம். ஸ்டோமா சரியான வட்டமாக இல்லாவிடில் அதன் வடிவத்தையே ஓர் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் உடல் எடை கூடினாலும் குறைந்தாலும் மீண்டும் அளவெடுக்க வேண்டும்.

சிவப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோமாவை ஒட்டி வளையமாக இருந்தால் துளை பெரிது. ஒரு பக்கமாக மட்டும் நீண்டிருந்தால், உட்காரும்போது அங்கே தோல் மடிகிறது. மடிப்பின் வழியே கழிவு கசிகிறது. அந்த இடத்தை நிரப்ப வளையமாகவோ பசையாகவோ கிடைக்கும் பொருள்களைச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம். தட்டின் முழு வடிவமும் அச்சுப் பதித்தாற்போல் சிவந்து அரித்தால், அப்பொருள் உங்கள் தோலுக்கு ஒவ்வவில்லை என்று ஐயுறலாம். வேறு வகைக்கு மாற வேண்டியிருக்கும். முடிக்கால்களில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் காரணம் சவரக் கத்தி அல்லது முடியோடு பிய்த்தெடுத்தல். கத்தரிக்கோலால் முடியைக் குறைப்பதே நல்லது. சிவந்த பரப்பைச் சுற்றிச் சிறு புள்ளிகள் சிதறி, மிகுந்த அரிப்பும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் மருந்து தேவை.

இனி, நம் ஊரில் அடிக்கடி நிகழும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானலில் தலைவலி முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம் கைக்கு வந்துவிடுகிறது. ஸ்டோமாவைச் சுற்றி அதைத் தடவ வேண்டாம். புண்பட்ட தோலை அது மேலும் எரிக்கும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பவுடர், டெட்டால் ஆகியவையும் வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள எதைத் தடவினாலும் தட்டு ஒட்டாது. தட்டு ஒட்டாவிட்டால் கசியும். கசிந்தால் புண் பெருகும். அன்பினால் செய்யும் வைத்தியமே இவ்வாறு நோயை வளர்ப்பதுண்டு.

பையை மாற்றும்போது தட்டை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உரியுங்கள். வெதுவெதுப்பான நீரும் மென்துணியும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் நன்கு உலர்ந்தபின் புதிய தட்டை ஒட்டுங்கள். குளிரில் தட்டு விறைத்து ஒட்டாமல் போகும். முன்னதாகச் சில நிமிடம் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து வெதுவெதுப்பாக்கி, ஒட்டியபின் மேலே கையை வைத்து மேலும் சில நிமிடம் அழுத்திக்கொண்டிருங்கள். அடுப்பின் அருகிலோ கணப்பின் அருகிலோ தட்டைக் காட்ட வேண்டாம். தோல் நீர் கசிந்து பிசுபிசுப்பாக இருந்தால், ஸ்டோமாவுக்கென்றே விற்கப்படும் தூளை அவ்விடத்தில் மட்டும் மெல்லத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டு ஒட்டலாம். தோல் ஆறியதும் தூளை நிறுத்திவிடுங்கள்.

பலருக்குத் தட்டு மூன்று, நான்கு நாள் தாங்கும். ஆனால் அடியில் அரிப்போ எரிச்சலோ தோன்றினால் அன்றே மாற்ற வேண்டும். விலை கருதி, விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோர் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. எனினும் உள்ளே கசிந்ததை வெளியே ஒட்டி அடைப்பது கழிவைத் தோலின்மீது பூட்டி வைப்பதாகும். புண்ணான தோலில் எந்தத் தட்டும் நிற்காது. பின்னர் நாளொன்றுக்கு இரண்டு தட்டுகள் தேவைப்படும்.

மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ மலையேறி வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பையிலுள்ள வாயு கால் பங்கு கூடுதலாக விரியும். பை உப்பி, தட்டின் விளிம்பை இழுக்கும். வத்தலக்குண்டில் பையைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை போன்ற இடங்களில் வண்டி நிற்கும்போது வாயுவை வெளியேற்றுங்கள். அன்று காலை முட்டைக்கோஸ், முள்ளங்கி, பூண்டு ஆகியவற்றைத் தவிர்த்தால் இன்னும் நல்லது. பயணமில்லாத நாள்களிலும் பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்வதே முறை.

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், இரத்தம் நிற்காமல் வந்தால், அல்லது வயிற்றுவலியுடன் கழிவு முற்றிலும் நின்றுபோனால் நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். விளிம்பு ஊதாநிறமாகிக் கடுமையாக வலிக்கும் புண்ணையும் தாமதமின்றிக் காட்டுங்கள். மற்றத் தோல் தொல்லைகள் மேற்கூறியவற்றால் இரண்டு, மூன்று மாற்றங்களுக்குள் குறையாவிட்டால் செவிலியரைப் பாருங்கள். வரும்போது கழற்றிய தட்டைக் கழுவாமல் ஒரு நெகிழிப் பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். கழிவு எவ்வழியே கசிந்தது என்பது அதன் அடிப்பரப்பில் தெளிவாகத் தெரியும்.